கல்கால் குதிர்

பகல் பதினொன்றுக்கே வாசலில் வரிசை.
மனிதர்கள் அல்ல, பைகள்.
ஆளுக்கு முன்பே வேனில் வந்திறங்கியவை,
ஆள் கொண்டுவந்து நிறுத்திவிட்டு
எதிர்க்கடைக்குக் காப்பி குடிக்கப் போனவை,
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து
இறவாணத்து நிழலைப் பங்கு போடுகின்றன.
ஒரு மணிக்குத்தான் கதவு திறப்பேன்.
அதற்குள் நாற்பது பை.
என்னிடம் இருப்பது இருபத்திரண்டு கட்டில்.

மாட்டுக் கொட்டிலாக இருந்த கட்டடம் இது.
பத்து மாடு நின்ற இடத்தில்
இரண்டடுக்காக இத்தனை பேர்.
மாடுகள் இவ்வளவு குறட்டை விட்டதில்லை.

சந்தியாகப்பர் கல்லறைக்கு
இங்கிருந்து அறுபத்தெட்டு கிலோமீட்டர்.
கடைசி நூறு நடந்தாலே சான்றிதழ் உண்டு.
அதனால் ஆகஸ்டில்
உலகம் முழுவதும் கடைசி நூறில் நடக்கிறது.

மூன்று மணிக்கு என் மகன் பிரைஸ்
பலகையைத் திருப்பி மாட்டுவான்.
அதன்பின் வருகிறவர்களுக்கு
'இல்லை' என்று ஏழு மொழியில் சொல்வேன்.
'மன்னியுங்கள்' மூன்றில்தான் தெரியும்.
பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தைத் திறந்திருக்கிறார்கள்,
தரையில் விரிப்பு நாற்பது, கழிப்பறை இரண்டு,
அங்கே போங்கள் என்று கை காட்டுவேன்.
அன்று நாலரைக்கு அங்கிருந்தும் போன்:
இனி யாரையும் அனுப்பாதே, எருந்தினா.

பதினான்காம் கட்டில் மட்டும்
ஒரு பெயருக்காகக் காத்திருந்தது.
ஆறு மணிவரை வைத்திருப்பேன் என்று
போனில் சொல்லியிருந்தேன்.
ஆறு ஐந்துக்கு ஒரு பெண் வந்தாள்,
காலுறையும் குதிகாலும் ரத்தத்தில் ஒட்டியிருந்தன.
கொடுத்தேன்.
ஏழேகாலுக்கு அவன் வந்தான்.

ஜோம்போர். ஹங்கேரிக்காரன்.
நிலைப்படியில் தலை தட்டும் உயரம்.
உள்ளங்கையில் பேனாவால் 14 என்று எழுதி,
வியர்வையில் நாலு பாதி அழிந்திருந்தது.
கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிது,
கதவைச் சாத்தியிருப்பேன்.
அவன் மூட்டையை இறக்கி அதன்மேல் உட்கார்ந்து
காலணிக் கயிற்றை
அவிழ்க்கலாமா வேண்டாமா என்று
பார்த்துக்கொண்டிருந்தான்.

கொல்லையில் எங்கள் குதிர் நிற்கிறது.
ஆறு கல்கால்.
ஒவ்வொரு கால் தலையிலும் ஒரு தட்டைக்கல்,
எலி ஏறாதிருக்க.
தடை எலிக்குத்தானே.
பிரைஸைக் கூப்பிடாமல் நானே ஏணி தூக்கி வந்தேன்.

மக்காச்சோளம் அக்டோபரில்தான் உள்ளே போகும்.
இப்போது பாதி இடம் உருளைக்கிழங்கு,
மீதி காற்று.
அவன் நுழைந்தான், நீட்டினான்.
முழங்காலுக்குக் கீழே வெளியே நின்றது.
மழை வந்தால்? என்றேன்.
பாதத்துக்கு நல்லது, என்றது குதிர்.

கோஸ்கீரைச் சூப் ஒரு கிண்ணம் ஏணி ஏறிப் போயிற்று.
காசு வாங்கவில்லை.
வாங்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

விடியுமுன், ஐந்து மணிக்கு,
நெற்றியில் விளக்குக் கட்டிய முதல் கூட்டம்
அடுத்த ஊர்க் கட்டிலைப் பிடிக்க ஓடுகையில்
ஒரு விளக்கு திரும்பியது, பிறகு எல்லாம் திரும்பின:
கல்கால்களுக்கு மேலே
பிளாஸ்திரி ஒட்டிய இரண்டு மனிதப் பாதங்கள்.
ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார்.
மற்றவர்கள் படம் எடுத்தார்கள்.

நான் அந்த வழி நடந்ததே இல்லை.
பல் வைத்தியரைப் பார்க்க பஸ்ஸில் போவேன்,
ஜன்னலோரம் எப்போதும் கிடைக்கும்.
பேராலய வாசலில் வரிசையைப் பார்த்ததும்
வந்த வழியே திரும்பிவிடுவேன்.
வரிசை நிற்க எனக்கு வராது,
நிற்க வைக்கத்தான் வரும்.

மூன்றாம் நாள் போன்.
ஜெர்மனோ டச்சோ, தெரியவில்லை.
கட்டில் வேண்டாமாம்.
கல்லில் நிற்கிறதாமே ஓர் அறை,
வெள்ளிக்கிழமைக்கு, இரண்டு பேருக்கு,
காலை உணவு உண்டா?
பிரைஸ் போனைப் பொத்திக்கொண்டு
என்ன விலை சொல்ல? என்றான்.

உருளைக்கிழங்கு முந்திக்கொண்டது என்று சொல்.

ஏணியை மட்டும்
இன்னும் எடுக்கவில்லை.